பள்ளி என்னும் சிறு சமுதாயம்

பள்ளிக்கூடம் என்பது யாது? மாணவர் ஒருவரைக் கேட்டால், பாடம் படிக்கும் இடம் என்பார். பெற்றோரைக் கேட்டால், பிள்ளையை ஆளாக்கும் இடம் என்பார். பொறியாளர் சுவர்களையும் அறைகளையும் எண்ணிக் காட்டுவார். அரசாங்க அலுவலரோ ஆசிரியர் இத்தனை பேர், மாணவர் இத்தனை பேர் என்று பட்டியலை எடுத்து நீட்டுவார். இவர்கள் கூறுவன யாவும் உண்மையே. ஆயினும், இவை அனைத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தாலும் பள்ளிக்கூடம் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஏனெனில், பள்ளியை இயக்குவன அங்கே கூடியுள்ள மனிதர் ஒருவரோடு ஒருவர் கொண்டுள்ள உறவுகளே. அவ்வுறவுகளின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

நான் பிறந்து வளர்ந்த தருமபுரிச் சீமை வானம் பார்த்த பூமி. மின்சார எந்திரங்கள் வருவதற்கு முன்பு எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கமலை கட்டி நீர் இறைத்தார்கள். இரண்டு மாடுகள், நீண்ட வடம், தோற்பறி, அதனைத் தாங்கும் உருளை, மாடுகள் ஏறி இறங்கும் சரிவு, அவற்றை ஓட்டும் மனிதன் என இத்தனையும் சேர்ந்தால்தான் ஒரு பறித் தண்ணீர் மேலே வரும். மாடு நல்ல மாடாக இருந்தும் வடம் அறுந்தால் நீர் வராது. வடம் உறுதியாக இருந்தும் சரிவு செம்மையாக இல்லாவிட்டால் மாடு இடறும். ஓர் உறுப்பின் தன்மையை மற்ற உறுப்புகளோடு சேர்த்தே நாம் அறிய முடியும். பள்ளிக்கூடமும் இத்தகைய அமைப்பே. ஆனால், கமலையின் உறுப்புகளுக்கு மனம் இல்லை. பள்ளியின் உறுப்புகளோ மனிதர்கள். அவர்களுக்கு ஆசையும் அச்சமும் உண்டு. மானமும் பசியும் உண்டு.

மேலைநாட்டுச் சமூகவியல் அறிஞர்கள் இக்கருத்தை இருபதாம் நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்தனர். அமெரிக்கராகிய வில்லர்டு வாலர் 1932-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பள்ளி தனக்கென வழக்கங்களும் சடங்குகளும் பூசல்களும் கொண்ட ஒரு தனி உலகம் என்று விளக்கினார். 1959-இல் டால்கட் பார்சன்ஸ் என்னும் பேராசிரியர், வகுப்பறையையே ஒரு சமூக அமைப்பாகக் கொண்டு புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். வீட்டில் தாய்க்குச் செல்லப் பிள்ளையாக இருந்த குழந்தை, வகுப்பறையில் பலருள் ஒருவனாகி, தன் முயற்சியால் மதிப்பிடப்படுகிறது. அங்கிருந்து தொழிலுக்கும் பதவிக்கும் பிரித்து அனுப்பப்படுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். இக்கொள்கைகளைச் சோதித்துப் பார்க்க நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் ஊர்த் திண்ணைகளே போதும். அத்திண்ணைகளை எண்ணிக் கணக்கெடுக்கச் செய்த ஒருவரோடு தருமபுரிக்கு நெருங்கிய தொடர்பும் உண்டு.

அவர் தாமஸ் மன்றோ. திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டில் பாராமகால் பகுதி கும்பினியார் கைக்கு வந்தது. அதன் நிருவாகம் காப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குத் துணையாக வந்த இளம் இராணுவ அதிகாரியே மன்றோ. 1792 முதல் 1799 வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவர் தருமபுரியில் இருந்தார். வயல் வயலாக நடந்து நிலத்தை அளப்பதும், குடியானவரோடு நேரில் பேசி வரி குறிப்பதும் அவர் வேலை. பிற்காலத்தில் இரயத்துவாரி முறை என்று பெயர் பெற்ற ஏற்பாட்டுக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது. எதனையும் எண்ணிப் பார்த்த பின்பே பேச வேண்டும் என்னும் பழக்கம் அவரிடம் நன்கு வேரூன்றியிருந்தது.

1820-இல் அவர் சென்னை மாகாணத்தின் கவர்னரானார். இந்நாட்டு மக்கள் கல்வியறிவு அற்றவர் என்று ஒரு சாராரும், கற்றவர் என்று மற்றொரு சாராரும் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. கணக்கு மட்டும் எவரிடமும் இல்லை. 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மன்றோ ஓர் ஆணை பிறப்பித்தார். எழுதப் படிக்கக் கற்பிக்கும் பள்ளிகள் எத்தனை, அவற்றில் பயில்வோர் எத்தனை பேர், அவர்கள் எந்தச் சாதியினர் என்று ஒவ்வொரு கலெக்டரும் பட்டியல் அனுப்ப வேண்டும் என்பதே ஆணை. தருமபுரி அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; சேலம் கலெக்டர் காக்பர்னும் தம் மாவட்டக் கணக்கை அனுப்பினார்.

கணக்குகள் வந்து சேர்ந்தபின், 1826-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மன்றோ தம் குறிப்பை எழுதினார். மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, மாணவர் 1,88,650. அதாவது, ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் பள்ளியில் இருந்தனர் என்றும், வீட்டிலேயே கற்பவரையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வரும் என்றும் அவர் மதிப்பிட்டார். இந்நிலை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அண்மைக்காலம் வரை இருந்த நிலையைவிட உயர்ந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

இந்த எண்களை நாம் சற்று வகுத்துப் பார்ப்போம். மாணவர் தொகையைப் பள்ளித் தொகையால் வகுத்தால், ஒரு பள்ளிக்குச் சராசரி 15 பேர் என வருகிறது. ஓர் ஆசிரியர், பதினைந்து பிள்ளைகள், ஒரு திண்ணை. இந்தச் சிறிய கூட்டத்துக்குள் ஒரு முழுச் சமுதாயமே அடங்கியிருந்தது.

திண்ணைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்னும் பிரிவுகள் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை மணலில் விரலை ஊன்றி அகரம் எழுதிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஓலையில் எழுத்தாணி கொண்டு கணக்கெழுதும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் வாய்ப்பாடமாக ஒலிக்கும். அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. அவன் அவைக்களத்தில் இருந்த ஔவை சங்க காலத்தவர். ஆத்திசூடி பாடிய ஔவை பிற்காலத்தவர். எனினும், ஔவை என்ற பெயரே தகடூர்ப் பிள்ளைகளின் நாவில் முதற்பாடமாக அமைந்தது எண்ணி மகிழத்தக்கது.

கணக்கோ எண்சுவடிக் கணக்கு. முந்திரி, காணி, மா, மாகாணி எனக் கீழ்வாய் இலக்கங்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஒன்றில் 320-இல் ஒரு பங்கு முந்திரி. 80-இல் ஒரு பங்கு காணி. 16-இல் ஒரு பங்கு மாகாணி. இத்துணை நுண்ணிய கணக்குச் சிற்றூர்ப் பிள்ளைக்கு எதற்கு என்று நீங்கள் வியக்கலாம். களத்து நெல்லைப் பங்கிடவும், நிலத்தைக் கூறு போடவும், வட்டி காணவும், கடைக்கணக்கு எழுதவும் அது தேவைப்பட்டது. ஊரின் பொருளாதாரம் கேட்டதைப் பள்ளி கொடுத்தது. பள்ளி கொடுத்தவனை ஊர் ஏற்றுக்கொண்டது.

ஆசிரியர்க்கு ஊதியம் கொடுத்தவர் யார்? பெற்றோரே கொடுத்தனர். மாதந்தோறும் சிறு தொகை. அறுவடைக் காலத்தில் தானியம். பண்டிகை நாளில் துணியும் காசும். நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகள் அலங்காரம் செய்துகொண்டு, கோலாட்டம் அடித்து, வீடுதோறும் பாடிச் செல்வார்கள். ஒவ்வொரு வீட்டாரும் கொடுக்கும் பரிசு ஆசிரியரைச் சேரும். இதனை வெறும் விளையாட்டு என்று நாம் கருதலாகாது. ஊர் தன் ஆசிரியரை ஆண்டுக்கு ஒருமுறை வீட்டு வாசலில் நினைத்துப் பார்க்கும் சடங்கு அது. பிள்ளை என்ன கற்றான் என்பதை ஊரார் நேரில் கேட்டறியும் தேர்வும் அதுவே.

இவ்வேற்பாட்டின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். ஆசிரியர் பெரும்பாலும் மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதி வாய்ந்தவரை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் மன்றோ எழுதினார். பெற்றோரின் தயவில் வாழும் ஆசிரியர் செல்வர் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு முகமும் ஏழை வீட்டுப் பிள்ளையிடம் வேறு முகமும் காட்ட நேர்வது இயற்கையே. பிள்ளைகள் மீதோ அவருக்கு எல்லையற்ற அதிகாரம் இருந்தது. கயிற்றைப் பற்றித் தொங்கவிடும் கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகளைப் பழைய மாணவர் பலர் தம் வரலாற்றில் எழுதி வைத்துள்ளனர். மேலே பணிவும் கீழே கடுமையும் ஒரே மனிதரிடம் இருந்தன. ஆசிரியரின் குணத்தை மட்டும் ஆராய்ந்தால் இது விளங்காது. அவர் நின்ற இடத்தை ஆராய்ந்தால் விளங்கும்.

பெல்லாரிக் கலெக்டராக இருந்த காம்பெல் 1823-இல் மன்றோவின் ஆணைக்கு விடையாக அனுப்பிய கடிதம் மிகச் சுவையானது. காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வந்தவன் கையில் சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருவோர்க்கு ஒவ்வொன்றாக ஏறும். நாற்பது பக்க விதிகள் செய்ய முடியாததை ஓர் உள்ளங்கை செய்தது பாருங்கள்! நேரந்தவறாமையை அந்தச் சிறு சமுதாயம் மதித்தது. அம்மதிப்பை அனைவரும் காணும்படி கையில் எழுதியது. அதே கடிதத்தில், மாணவர் பலர் பொருள் உணராமல் நெட்டுருச் செய்ததையும் காம்பெல் குறை கூறினார். அதனினும் முக்கியமான மற்றொரு செய்தியையும் குறித்தார். நாட்டில் வறுமை பெருகிவிட்டது. ஐரோப்பியத் துணிகள் வந்து நெசவுத்தொழிலைக் குலைத்துவிட்டன. முன்பு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களால் இப்போது அந்தச் சிறு கட்டணத்தையும் கொடுக்க இயலவில்லை. உழைக்கும் வயது வருமுன்பே பிள்ளைகள் வேலைக்குச் செல்கின்றனர் என்றார். தறி நின்ற வீட்டில் ஓலைச்சுவடியும் மூடப்பட்டது. பள்ளியின் எல்லை திண்ணையோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, திண்ணைப் பள்ளியின் மற்றோர் உறுப்பாகிய சட்டாம்பிள்ளையைக் காண்போம். மூத்த மாணவன் ஒருவன் இளையோர்க்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். ஆசிரியர் இல்லாதபோது அவர் இடத்தில் இருந்து ஆட்சி செய்வான். வயது வேறுபட்ட பதினைந்து பிள்ளைகளை ஒருவரே கவனிக்க வேண்டிய இடத்தில் இப்பதவி தானே முளைத்தது. அவனுக்குக் கிடைத்த அதிகாரத்தோடு சலுகைகளும் வந்தன. தின்பண்டம் கொடுத்து அவனைச் சரிக்கட்டும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இந்தச் சட்டாம்பிள்ளை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனான் என்றால் நீங்கள் நம்புவீர்களா? சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தின் மேற்பார்வையை 1789-இல் ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் அதனைப் புகுத்த எண்ணினார். அங்கிருந்த ஆசிரியர்கள் உடன்படவில்லை. எனவே, சிறுவன் ஒருவனையே சிறுவர்க்கு ஆசிரியனாக்கினார். முறை வெற்றி பெற்றது. 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதனை ஒத்த முறையைப் பரப்பினார். ஆலைகள் பெருகிய அக்காலத்து இங்கிலாந்தில், ஒரே பெருங்கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஓர் ஆசிரியரையும் பல சட்டாம்பிள்ளைகளையும் கொண்டு குறைந்த செலவில் கற்பிக்கும் பள்ளிகள் எழுந்தன. அதற்குச் சென்னை முறை என்றே பெயர். ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் பெல்லின் பொருளுதவியால் அமைந்த பள்ளி இன்றும் சென்னையின் ஆங்கிலப் பெயராகிய மெட்ராஸ் என்பதையே தாங்கி நிற்கிறது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை பக்கத்து வீட்டு அண்ணன். அவன் தாயையும் தந்தையையும் எல்லாப் பிள்ளைகளும் அறிவர். இங்கிலாந்தின் பெருங்கூடத்தில் அவன் ஆலை மேற்பார்வையாளனைப் போல் ஆனான். சீழ்க்கை ஒலிக்கும் கட்டளைக்கும் ஏற்பப் பிள்ளைகள் எழுந்தனர், அமர்ந்தனர். சில பத்தாண்டுகளில் அம்முறை மங்கி, பயிற்சி பெற்ற ஆசிரியர் முறை அங்கே இடம் பிடித்தது. ஒரே உறுப்பு, வேறு அமைப்பில் வைக்கப்பட்டால் வேறு வேலை செய்கிறது. அயல்நாட்டில் ஒரு முறை வெற்றி பெற்றது என்று கேள்விப்படும்போதெல்லாம், எந்த உறவுகளுக்கு நடுவே அது வெற்றி பெற்றது என்பதையும் நீங்கள் கேட்டறிதல் வேண்டும்.

இதுவரை திண்ணையின் மேல் அமர்ந்திருந்தவர்களைப் பற்றிப் பேசினேன். திண்ணைக்குக் கீழே நின்றவர் யார்? மன்றோவின் கணக்கில் இருந்த 1,88,650 மாணவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. நூறு பேரில் மூன்று பெண்கள்கூட இல்லை. சாதிக் கணக்கைப் பார்த்தால், பள்ளிகள் அந்தணர்க்கு மட்டுமே உரியனவாக இருந்தன என்னும் எண்ணம் தவறு என்று தெரிகிறது. தமிழ் மாவட்டங்களில் பயின்றவருள் பெரும்பாலோர் உழவும் தொழிலும் செய்த மற்றச் சாதியினரே. ஆனால், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு ஊர்த்திண்ணை பெரும்பாலும் திறந்திருக்கவில்லை.

1931-ஆம் ஆண்டில் காந்தியடிகள் இலண்டனில் பேசியபோது, இந்தியாவின் பழைய கல்வி ஒரு மரம் என்றும், ஆங்கிலேயர் அதன் வேரைத் தோண்டிப் பார்த்து வாடவிட்டனர் என்றும் கருத்துரைத்தார். சர் பிலிப் ஹார்ட்டாக் அதனை மறுத்து நெடுநாள் வாதிட்டார். 1983-இல் தரம்பால், மன்றோ காலத்து ஆவணங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டு, அந்த மரம் உண்மையில் இருந்தது என்று காட்டினார். மரம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் நிழல் எவர் மீது விழவில்லை என்பதையும் அதே ஆவணங்கள் காட்டுகின்றன. ஊர் தன் செலவில், தன் தேவைக்கு, தன் பழக்கப்படி நடத்திய பள்ளி அது. அதனாலேயே அது ஊரோடு ஒன்றி வாழ்ந்தது. அதனாலேயே ஊரின் ஏற்றத்தாழ்வும் அதற்குள் குடிபுகுந்தது. இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

மன்றோ ஒரு திட்டம் வகுத்தார். கலெக்டர் மாவட்டந்தோறும் இரண்டு பெரிய பள்ளிகள், தாசில்தோறும் ஒரு பள்ளி. மேல்நிலை ஆசிரியர்க்கு மாதம் 15 ரூபாய், தாசில் ஆசிரியர்க்கு 9 ரூபாய். அவர் 1827-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் காலராவால் இறந்தார். திட்டம் அவர் எண்ணியபடி வளரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கம் வேறொரு வழியில் திண்ணைக்குள் நுழைந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைத் தேர்வு செய்வார். தேறியவர் தொகைக்கு ஏற்பப் பள்ளிக்கு உதவிப்பணம் கிடைக்கும். பணம் வந்த திசை மாறியது. ஆசிரியர் பார்வை சென்ற திசையும் மாறியது. முன்பு அவர் பெற்றோர் முகத்தைப் பார்த்தார். பின்னர் இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தார். முந்திரியும் மாகாணியும் மறைந்தன. தேர்வில் கேட்கப்படுவன பாடங்களாயின. வருகைப் பதிவேடு, மணி, வகுப்பு, கால அட்டவணை ஆகியவை வந்தன. நன்மையும் விளைந்தது. அரசாங்கப் பணம் வாங்கும் பள்ளியின் கதவை ஒரு சாதிக்கு மட்டும் அடைத்து வைப்பது வரவரக் கடினமாயிற்று. அதே வேளையில், "இது எங்கள் பள்ளி" என்று சொன்ன ஊர், "இது சர்க்கார் பள்ளி" என்று சொல்லத் தொடங்கியது.

கால அட்டவணையை மாற்றினால் சமுதாயமே அதிரும் என்பதற்கும் நம் வரலாற்றில் சான்று உண்டு. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். 1965 முதல் 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும் அதன்பின் கிருட்டிணகிரி மாவட்டத்திலும் அமைந்தது. அவர் முதலமைச்சராக இருந்தபோது 1953-இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் கூறிய காரணம். அப்பன் தொழிலை மகன் செய்ய வேண்டும் என்னும் பழைய தளையைப் பள்ளியே இறுக்கலாமா என்று எதிர்த்தவர் கேட்டனர். அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. தாளில் எழுதினால் அது வெறும் நேரப் பங்கீடு. ஆனால், ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் தன் வீட்டை விட்டு வெளியே இருக்கிறது என்பது, அப்பிள்ளை என்ன ஆகலாம் என்பதோடு பிணைந்திருந்தது.

மற்றொரு மாற்றம் ஒரு பிடி சோற்றால் வந்தது. 1920-இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுக்க முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. காமராசர் ஆட்சியில் 1956-இல் இது மாநில அளவில் விரிந்தது. கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் சென்று மக்களிடம் பொருள் திரட்டி அதற்குத் துணை நின்றார். 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022-இல் மு. க. ஸ்டாலின் ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளில் காலையுணவும் தொடங்கியது.

சோறு பள்ளிக்குள் நுழைந்ததும் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள். ஆடு மேய்க்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் ஒரு வேளை உணவு மிச்சம் என்று தாயின் கணக்கு மாறியது. நண்பகலுக்குப் பின் காலியாகும் வகுப்பறை மாலைவரை நிறைந்திருந்தது. சமைப்பவர் யார், பரிமாறுபவர் யார், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்னும் கேள்விகள் எழுந்தன. வீட்டில் எவரும் பேசத் துணியாத சாதிப் பிரச்சினை பள்ளி வரிசையில் தட்டோடு வந்து உட்கார்ந்தது. சில ஊர்களில் அது பூசலாகவும் வெடித்தது; மிகப் பல ஊர்களில் பிள்ளைகள் ஓசையின்றி அதனைத் தாண்டிச் சென்றனர். உணவு என்னும் ஓர் இழையை இழுத்தபோது வருகை, குடும்ப வரவு செலவு, சாதி, உடல்நலம் ஆகிய எல்லா இழைகளும் கூடவே அசைந்தன.

இவ்வளவும் நடந்த தமிழகத்தில், எங்கள் தருமபுரியின் நிலை என்ன? 1965-ஆம் ஆண்டு அக்டோபரில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 80. தருமபுரியின் எழுத்தறிவு நூற்றுக்கு 69-ஐ எட்டவில்லை. மாவட்டங்கள் அனைத்திலும் இதுவே கடைசி இடம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே நூற்றுக்குப் பதினாறுக்கு மேற்பட்ட வேறுபாடு வேறு. மன்றோ ஏழாண்டு வாழ்ந்து கணக்கெடுக்கக் கற்றுக்கொண்ட மண்ணில், அவர் காலத்துக் கணக்கின் நிழல் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை.

பள்ளிகள் இல்லாமையால் மட்டும் இந்நிலை வந்தது என்று கூற முடியாது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் மழை பொய்க்கிறது, கிணறு வற்றுகிறது. தந்தையும் தாயும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கூலிக்குச் செல்கின்றனர். எட்டாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகள் பாட்டியோடும் தம்பியோடும் வீட்டில் தங்குகிறாள். தண்ணீர் எடுப்பதும் சமைப்பதும் அவள் பொறுப்பு. முதலில் திங்கட்கிழமைகளில் வரவில்லை. பிறகு வாரத்தில் மூன்று நாள் வரவில்லை. உயர்நிலைப் பள்ளி தொலைவில் உள்ளது. வயது வந்த பெண்ணைத் தனியே அனுப்ப வீட்டார் அஞ்சுகின்றனர். திருமணப் பேச்சு எழுகிறது. பதிவேட்டில் ஆசிரியர் இடும் குறி ஒன்றே; அக்குறிக்குப் பின்னால் மழையும் கிணறும் பேருந்தும் ஊர்வாயும் வரிசையாக நிற்கின்றன. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கு வழித்தொலைவே பாதிச் சுமை. தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் பிள்ளைகளும் இம்மாவட்டத்தில் பலர். முதல் நாள் வகுப்பில் அவர்கள் ஊமையாய் இருப்பதை அறியாமை என்று எண்ணிவிடுவோரும் உளர்.

ஆகவே, ஒரே ஓர் உறுப்பை மட்டும் பழித்துப் பயனில்லை. ஆசிரியர் சரியில்லை, பெற்றோர் அக்கறையற்றவர், பிள்ளை சோம்பேறி என்று எளிதாகத் தீர்ப்புக் கூறுவோர் கமலையில் மாட்டை மட்டும் அடிப்பவரை ஒப்பர். மிதிவண்டி ஒன்று கிடைத்தவுடன் தொலைவு குறைந்து மேல்வகுப்புக்குச் சென்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய அறிவு அன்று காலை திடீரென்று கூடிவிடவில்லை. தடைபட்டிருந்த ஓர் உறவு சீர்பட்டது. அதே வேளையில், மிதிவண்டி மட்டும் திருமண வயதைத் தள்ளிவைக்காது. அதற்குத் தாயும் ஆசிரியையும் ஊராரும் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

அத்தகைய இடம் ஒன்றைச் சட்டமே இன்று அமைத்துள்ளது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் விதி. திண்ணைக் காலத்தில் ஊரின் செல்வாக்குள்ளவரே பள்ளியை நடத்தினர். பின்னர் இன்ஸ்பெக்டர் நடத்தினார். இப்போது, அன்று திண்ணைக்குக் கீழே நின்றவர்களின் பேத்திகளும் நாற்காலியில் அமர்ந்து கேள்வி கேட்கலாம். கேட்கிறார்களா, கேட்க விடப்படுகிறார்களா என்பதில்தான் அச்சட்டத்தின் உயிர் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை கையெழுத்து வாங்கும் குழுவாக அது சுருங்கிவிட்டால், வடம் இல்லாத கமலையாகவே நிற்கும்.

மாணவ நண்பர்களே, சமூகவியல் என்னும் பாடத்தைக் கற்கப் பெரிய நூலகம் வேண்டுவதில்லை. ஒரு வாரம் உங்கள் பள்ளியையே கூர்ந்து பாருங்கள். முன்வரிசையில் எப்போதும் அமர்பவர் யார், கடைசி வரிசையில் எப்போதும் அமர்பவர் யார்? ஆசிரியர் எவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்? வகுப்பைக் கூட்டிப் பெருக்கும் வேலை எவரிடம் செல்கிறது? தாமதமாக வருபவர் எத்தனை மைல் நடந்து வருகிறார்? பழைய சட்டாம்பிள்ளையின் இடத்தில் இன்று உள்ள வகுப்புத் தலைவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார்? இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மன்றோவைப் போல் எண்ணுங்கள். எண்ணியதைக் கொண்டு எவரையும் பழிக்காமல், காரணத்தைத் தேடுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு உங்களோடு படித்து, இந்த ஆண்டு வராமல் நின்றுவிட்டவர் எத்தனை பேர்? அவர்கள் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டிருக்கலாம். உங்கள் நினைவிலிருந்து அடிபட வேண்டாம். அவர்களுள் ஒருவரின் வீட்டுக்குச் சென்று, ஏன் வரவில்லை என்று அன்போடு விசாரியுங்கள். அங்கே நீங்கள் கேட்கப்போகும் விடையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். தருமபுரியின் எழுத்தறிவுக் கணக்கு, அப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும்தான் உயர்ந்தாக வேண்டும்.